வாய்தா நாளின் விலை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் சட்டக் கல்லூரி மாணவி. குடும்ப வன்முறைச் சட்டம் குறித்து ஆய்வேடு எழுதுகிறேன். நான் வாசித்த கட்டுரைகள் பலவும், சட்டம் போதுமானது, பெண்களிடம் விழிப்புணர்வுதான் இல்லை என்றே முடிகின்றன. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த முடிவை நான் ஏற்கவில்லை. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். மகளிர் காவல் நிலையம் எங்கே இருக்கிறது, இலவச சட்ட உதவிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கேட்டது ஒன்றுதான்: “வாய்தா அன்னைக்குத் தண்டல் யாருக்கா கட்டுவா?” காலை பத்தரைக்கு நீதிமன்றத்தில் நின்றால் அன்றைக்குக் கூடை இல்லை, கொடுத்த கடனுக்குத் தினத்தவணை வாங்கும் தண்டல்காரரோ மாலையில் தவறாமல் வந்துவிடுவார். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்றாலும், இந்த இழப்பை அது ஈடுகட்டுவதில்லை.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், மனு வந்த 3 நாட்களுக்குள் சாதாரணமாக முதல் விசாரணை நடக்க வேண்டும் என்றும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) ‘முயல வேண்டும்’ என்றும் சொல்கிறது. அந்த ‘முயல வேண்டும்’ என்பதற்குள் எத்தனை வாய்தாக்களும் அடங்கும். சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறதா என்று பக்கம் பக்கமாக எழுதும் நம் ஆய்வாளர்கள், 23ஆம் பிரிவின்படி ஒரு இடைக்கால உத்தரவு கிடைக்க எத்தனை முறை அலைய வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

அடுத்தது வீடு. மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் குடியிருப்புரிமை கோர முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னதை, அதே நீதிமன்றம் திருத்துவதற்கு 2020 ஆயிற்று. சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கின் அந்தத் தீர்ப்பைக் கட்டுரைகள் கொண்டாடுகின்றன, நானும் வரவேற்கிறேன். ஆனால் வியாசர்பாடியில் ஒதுக்கீட்டு ஆணை மாமியார் பெயரிலிருக்கும் ஓரறைக் குடியிருப்பில், அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே பாயை விரிக்கும் தரையில், குடியிருப்புரிமை என்பதற்கு என்ன பொருள்? 19ஆம் பிரிவு மாற்று வீட்டுக்கோ அதற்கான வாடகைக்கோ உத்தரவிட இடம் தருகிறது. கணவனுக்கு நிலையான சம்பளம் இல்லாதபோது அந்த வாடகை எப்படி வசூலாகிறது என்பதைத் தீர்ப்புத் தொகுப்புகளில் தேடாதீர்கள். அனுமதி பெற்று நடுவர் நீதிமன்றப் பதிவேடுகளில் வாய்தா தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் மனுவைக் கைவிட்ட பெண்கள் பேச முன்வந்தால், மதியத்துக்கு மேல், கூடை காலியான பிறகு சந்தியுங்கள்.