பலூன் தட்டிவிட மாஸ்டர்ஸா? – கடிதம்

அன்பின் அக்காவுக்கு,

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், ரெக்ரியேஷன் (பொழுதுபோக்குச் செயற்பாடுகள்) பிரிவில் மூன்று வருடமாகப் பகுதிநேர வேலை செய்கிறேன். உளவியலில் பி.ஏ. முடித்திருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, ஆனால் பகுதிநேரத்திலேயே நின்றுவிட்டேன். ரெக்ரியேஷன் அண்ட் லெஷர் ஸ்டடீஸில் மாஸ்டர்ஸ் செய்யலாம், அதிலும் ஆய்வேடு எழுதத் தேவையில்லாத தொழில்சார் படிப்பாகப் பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். வீட்டில் சொன்னதும் அப்பா, "வயசுபோனவைக்குப் பலூன் தட்டிவிடுறதுக்கு மாஸ்டர்ஸோ?" என்று கேட்டார். (சனிக்கிழமை தவறாமல் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் விடிய விடிய 304 என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர் அவர்.) அம்மா நர்சிங் படி என்கிறார். இந்தப் பட்டத்துக்குப் பெறுமதி இருக்கிறதா? ஆய்வேடு உள்ளதா, இல்லாததா, எதை எடுக்கலாம்?

அன்புடன்,
ம.

அன்பின் ம.,

அடுத்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெறுமதி பற்றிய கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இப்போதிருக்கும் இல்லத்திலேயே பிரிவுப் பொறுப்பாளராக வருவதுதான் நோக்கம் என்றால் மாஸ்டர்ஸ் தேவையில்லை. ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்ல விதிகள் அந்தப் பொறுப்புக்குக் கேட்பது, இந்தத் துறையிலோ இதையொட்டிய துறையிலோ ஒரு டிப்ளோமா அல்லது பட்டம், அதோடு சுகாதாரச் சூழலில் ஒரு வருட அனுபவம். உங்கள் உளவியல் பட்டத்தை ஒட்டிய துறையாக நிர்வாகம் ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

மருத்துவமனைக்குப் போய், பாரிசவாதம் வந்தவர்களோடோ மனநலப் பிரிவிலோ ரெக்ரியேஷன் தெரபிஸ்டாக, அதாவது பொழுதுபோக்குச் செயற்பாடுகள் மூலம் சிகிச்சை தருபவராக, வேலை செய்ய ஆசை என்றால் கதை வேறு. ஒன்ராறியோவில் இது உரிமம் தேவைப்படும் தொழில் அல்ல. அமெரிக்காவில் வட கரோலினா, யூட்டா போன்ற சில மாநிலங்களில் உரிமம் உண்டு. இங்கே வேலை விளம்பரங்களில் சி.டி.ஆர்.எஸ். என்ற அமெரிக்கச் சான்றிதழையோ ஒன்ராறியோ சங்கத்தின் பதிவையோ அடிக்கடி பார்ப்பீர்கள். படிப்பு வழியாக சி.டி.ஆர்.எஸ். பரீட்சைக்கு வருகிறவர் குறிப்பிட்ட தெரபிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். உடற்கூற்றியல் மாதிரித் துணைப் பாடங்கள் சிலவும் வேண்டும். அதற்குமேல், அந்தச் சான்றிதழ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் தொடர்ந்து 14 வாரம், குறைந்தது 560 மணிநேரப் பயிற்சி.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பட்டத்தின் பெயரில் ரெக்ரியேஷன் இருந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். முடித்த பிறகு பார்த்தால் பரீட்சைக்கு வேண்டிய பாடங்கள் படிப்பில் இருக்காது. பூங்கா நிர்வாகம், பொதுக் கொள்கை, சுற்றுலா என்று போகும் நல்ல மாஸ்டர்ஸ் படிப்புகள் இருக்கின்றன. அவற்றின் நோக்கம் வேறு. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடப் பட்டியலைப் பாருங்கள். தெரபிதான் வேண்டும் என்றால், மாஸ்டர்ஸைவிட பட்டதாரிகளுக்கென்று கல்லூரிகள் நடத்தும் குறுகிய சான்றிதழ்ப் படிப்பு உங்களுக்குச் சீக்கிரமாகவும் மலிவாகவும் வழி திறக்கலாம்.

சரி, மாஸ்டர்ஸ் யாருக்கு? வேலையில் சில வருடம் இருந்து, அங்கே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு. உங்களிடம் அந்தக் கேள்வி இருக்கிறது என்றே நினைக்கிறேன். மூன்று வருடம் அந்த மண்டபத்தில் நின்றவருக்கு இல்லாமல் இருக்காது.

நான் பார்த்த ஓர் இல்லத்தில் ஒரு ஐயா இருந்தார். இடது கை வராது. வாராவாரம் பிங்கோவுக்குக் கூப்பிடுவார்கள், வரமாட்டார், பதிவேட்டில் 'பங்கேற்க மறுத்தார்' என்று எழுதிவைப்பார்கள். உங்களைப்போல் பகுதிநேரமாக வேலை செய்த ஒரு பிள்ளை அவரோடு கொஞ்சம் கதை கொடுத்துப் பார்த்தாள். இலக்கங்களை ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கிறார்கள், காதில் விழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதைவிட, பிங்கோவை அவர் ஒரு விளையாட்டாகவே மதிக்கவில்லை. அவருக்கு 304 தான் விளையாட்டு. அதற்கு நான்கு பேர் வேண்டும். மேல்மாடியில் இரண்டு தமிழர், பக்கத்து அறையில் ஒரு சிங்களப் பெரியவர், ஆள் சேர்ந்தது. ஒற்றைக் கையால் எட்டுச் சீட்டைப் பிடிக்க முடியாதே? சீட்டை வரிசையாக நிறுத்திவைக்க வெட்டு வெட்டிய ஒரு மரத்தாங்கி வாங்கினார்கள். முதல் நாலு சீட்டைப் பார்த்து ஏலம் கேட்டுவிட்டு, துரும்பை வலது கையால் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில், "ஒன்பதை ஏன் காணும் இப்ப இறக்கினீர்!" என்று எதிரே இருந்த கூட்டாளியைப் பேசிய சத்தம் நர்ஸ்மாரின் மேசைவரை கேட்டது. நியாயமான கோபம்தான். அந்த ஆட்டத்தில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20.

அவர் பிங்கோவுக்கு வராததை 1987இல் குரோஃபோர்ட், கோட்பி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையை வைத்து அப்படியே பிரித்துப் பார்க்கலாம். ஓய்வுநேர ஈடுபாட்டைத் தடுப்பவற்றை அவர்கள் மூன்றாக வகுத்தார்கள்: ஆளின் மனத்துக்குள் இருப்பவை, ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இருப்பவை, வெளியில் இருப்பவை. பிங்கோ மீதான இளக்காரம் முதலாவது. கூட்டாளி இல்லாதது இரண்டாவது. மொழியும் மரத்தாங்கி இல்லாததும் மூன்றாவது. அந்தப் பிள்ளை இது எதையும் படிக்காமலே சரியாகச் செய்தாள். ஆனால் அடுத்த வருடம் செலவைக் குறைக்க வந்தவர்கள் கேட்டபோது, அவளிடம் இருந்தது ஆட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். பிங்கோவுக்கு இருபது பேர், 304க்கு நாலு பேர். எது நின்றிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நல்ல தொழில்சார் மாஸ்டர்ஸ் இந்த இடத்தில்தான் உதவும். தேவையை அளப்பது, திட்டமிடுவது, நடத்துவது, நடந்ததால் என்ன மாறியது என்பதைக் காசு கொடுப்பவர் தட்டிக்கழிக்க முடியாத விதத்தில் எழுதிவைப்பது. இவற்றோடு வரவுசெலவும் சட்டமும். ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இல்லை அது.

ஆய்வேடு பற்றி: வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை 1968 முதல் இருக்கிறது. டல்ஹவுசியிலும் அல்பேர்ட்டாவிலும் படிக்கலாம். இல்லினோய் பல்கலைக்கழகம் ஆன்லைனில் ஒன்று நடத்துகிறது. ஆய்வேட்டுப் படிப்பில் சேர்கிறவருக்குப் பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் சம்பளமோ உதவித்தொகையோ கொஞ்சம் வரும். தொழில்சார் படிப்பு பெரும்பாலும் கைக்காசு. ஆகவே பிஎச்.டி. எண்ணம் துளியாவது இருந்தால் ஆய்வேடு. இல்லையென்றால் வேலையை விடாமல், பகுதிநேரமாகத் தொழில்சார் படிப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முழுநேரமாகக் கடன்வாங்கிப் படிக்கும் அளவுக்கு இந்தத் துறையின் சம்பளம் இல்லை. அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

நர்சிங் நல்ல படிப்பு, வேலையும் நிச்சயம். உங்களுக்கு அதில் ஆசை இருந்தால் இதற்கு முன்பே போயிருப்பீர்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கல்கரி பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ரொபர்ட் ஸ்டெபின்ஸ் 1982இலேயே ஓய்வுநேரத்தை இரண்டாகப் பிரித்தார். டி.வி. முன்னால் சாய்ந்திருப்பது ஒன்று. வருடக்கணக்காகப் பழகி, திறமை வளர்த்து, அதற்கென்று ஒரு கூட்டத்தோடு விடாமல் செய்வது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைக்கு உங்கள் அப்பாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். நீங்கள் படிக்கப்போவது அவரைப் பற்றித்தான், அவருக்கு எண்பது வயதாகும்போது அந்தச் சனிக்கிழமைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி.

விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்தால் நோக்கக் கடிதத்தில் 'மக்களுக்குச் சேவை செய்ய விருப்பம்' என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் இல்லத்தில் எதற்கும் வராத ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். செப்டம்பர் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் பல இடங்களில் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பழைய பேராசிரியருக்கு இந்த வாரமே எழுதுங்கள். எந்த வகுப்பில் இருந்தீர்கள், என்ன கட்டுரை எழுதினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவருக்கு உங்களை ஞாபகம் இருக்க வேண்டுமே.