கழுத்து வலிக்கு எந்த மசாஜ்?

நாள் முழுவதும் கணினி முன் அமர்வதால் கழுத்தும் வலது தோளும் இறுகிவிட்டதாகவும், ஸ்வீடிஷ் மசாஜ் ஏற்றதா, டீப் டிஷ்யூ ஏற்றதா என்றும் கேட்டிருந்தீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முடிவைத் தீர்மானிப்பதே அதுதான். விரல்முட்டியாலும் முழங்கையாலும் ஆழமாக அழுத்தும் டீப் டிஷ்யூ முறையில் உங்களுக்குத் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கன்றிப்போகும் அபாயம் கூடுதல் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதன் பக்கம் போகாதீர்கள்.

எண்ணெய் தடவி, நீளமாக நீவியும் இதமாகப் பிசைந்தும் செய்யும் ஸ்வீடிஷ் முறையே உங்களுக்குப் பொருந்தும். அதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மசாஜ் செய்பவரிடமும் மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலித்தால்தான் பலன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அழுத்தினால், தளர வேண்டிய தசை மேலும் இறுகத்தான் செய்யும்.

மசாஜ் தரும் நிவாரணம் பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான். திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் அதே இறுக்கம் திரும்பி வரும். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து பொருட்கள் நழுவினாலோ, மசாஜுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.