உள்ளேயும் மழை

வணக்கம் சார்,

கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்லூரியில் படிக்கும்போது ஹாஸ்டல் சுவரில் பாரிஸ் படம் போட்ட காலண்டர் ஒன்றை ஒட்டியிருந்தேன். வருஷம் முடிந்தும் கழற்ற மனம் வரவில்லை. ஒருநாள் போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, போன மே மாதம் நானும் அவரும் போய்வந்தோம். பாரிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம். பதினோரு நாள்.

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன். ஈஃபிள் டவரைப் பார்த்ததும் "சரி, இருக்கிறது" என்றுதான் தோன்றியது. மோனாலிசா எங்கள் பூஜை அறைப் படம் அளவுதான் இருந்தது. கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போய் அரை நிமிஷம் பார்த்தேன், அதிலும் பாதி முன்னால் நின்றவருடைய செல்போன் வழியாக. கண் கலங்கும் என்று நினைத்துப் போனவள், பசிக்கிறதே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ரோமில் ஒருநாள் பாந்தியன் என்கிற பழைய குவிமாடக் கோயிலுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. வெளியே நின்றவர்கள் ஓடி உள்ளே வந்தார்கள், பார்த்தால் உள்ளேயும் மழை. அங்கே மட்டும் என்னவோ அழுகை வந்துவிட்டது. அவர் கால் வலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா சார்? ஓவியம், சரித்திரம் ஒன்றும் படிக்காமல் போனது தப்பா? கேட்பவர்களிடமெல்லாம் "சூப்பரா இருந்தது" என்று சொல்லிவைக்கிறேன், பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை போகலாமா என்றால் "அதான் பார்த்தாச்சே" என்கிறார் அவர்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை ஐரோப்பா போனது ஒரு சுற்றுலாக் குழுவோடு, ஒன்பது நாளில் ஐந்து ஊர். ரோமுக்கு ஒரே ஒரு பகல். கொலோசியத்தின் முன் இறக்கிவிட்டு "இருபது நிமிஷம்" என்றார் வழிகாட்டி. அதில் பன்னிரண்டு நிமிஷம் கழிப்பறையைத் தேடியதிலும், அங்கே கொடுக்கச் சில்லறை மாற்றியதிலும் போயிற்று. ஊருக்கு வந்து நண்பர்களிடம் கொலோசியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவ்வளவும் போவதற்கு முன் படித்தது.

உங்களுக்குப் பார்க்கத் தெரியாமல் இல்லை. ஈஃபிள் கோபுரத்தை நீங்கள் முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் காலண்டரில் வெயில் அளவோடு அடித்தது, வரிசை கிடையாது, சாவிக்கொத்து விற்பவர்கள் பின்னால் வரவில்லை. நேரில் போனபோது காலண்டரைச் சரிபார்க்கிற வேலைதான் மிச்சம் இருந்தது. விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போடும் கணக்கில் எந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம் வந்தது? உங்களுக்குத் தெரியாததா.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. பாரிஸில் வேலை பார்த்த ஹிரோவாகி ஓத்தா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர், கனவோடு வந்து இறங்கி நிஜ ஊரைப் பார்த்து நிலைகுலைந்துபோன தன் நாட்டுக்காரர்களை 1980களில் கவனித்து 'பாரிஸ் நோய்க்குறி' என்றார். ஃப்ளோரன்ஸுக்கு நேர்மாறான ஒன்று. அங்கே கலையைப் பார்த்தே படபடப்பும் மயக்கமும் வந்தவர்களைக் கண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தாலின் பெயரை அதற்கு வைத்தார் கிராசியெல்லா மாகெரினி என்ற மருத்துவர். நீங்கள் இரண்டு ஊருக்கும் போய் இரண்டு நோயும் இல்லாமல், வராத கால் வலியை மட்டும் சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறீர்கள். எனக்கு ஃப்ளோரன்ஸில் படபடப்பு வந்தது ரயிலில். காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடைப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும் என்று தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அபராதமாகப் போனது. இன்றைக்கும் ஃப்ளோரன்ஸ் என்றால் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையைவிட முதலில் அந்தப் பரிசோதகரின் மீசைதான் ஞாபகம் வருகிறது.

மோனாலிசாவுக்கு வருவோம். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், பாப்லர் மரப்பலகை. உங்கள் பூஜை அறை அளவு சரிதான். 1911ல், அது இருக்கும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் முன்பு வேலை பார்த்த வின்சென்சோ பெருஜ்ஜா என்ற இத்தாலியர் அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அந்த முகத்தை அச்சடித்துத் தள்ளின. படம் போன பிறகு அது மாட்டியிருந்த காலிச் சுவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது என்பார்கள். இரண்டு வருஷம் கழித்து நீங்கள் போன ஃப்ளோரன்ஸில்தான் விற்க முயன்று பிடிபட்டார். அந்த முகத்துக்கு இன்று இருக்கிற புகழில் இந்தத் திருட்டுக்குப் பெரிய பங்குண்டு.

ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் பின்னால் திரும்பிப் பார்த்தீர்களா? நானும் முதல் தடவை பார்க்கவில்லை. எதிர்ச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஓவியர் வெரோனேசேயின் 'கானா ஊர்க் கல்யாணம்', பைபிள் கதை ஒன்றின் ஓவியம், தொங்குகிறது, ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக 1563ல் வரைந்து முடித்தது. துறவிகள் தினமும் ஒரு கல்யாணப் பந்தியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். 1797ல் நெப்போலியனின் படை அதைத் துண்டுகளாக வெட்டி பாரிஸுக்குக் கொண்டுபோனது. இரண்டாம் முறை போனபோது மோனாலிசாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் இதன் முன் நின்றேன். ஒருவரும் இடிக்கவில்லை. நம் ஊர்க் கல்யாண வீடேதான். நடுவில் இயேசு உட்கார்ந்திருக்கிறார், அவரைத் தவிர எல்லோரும் வேறு வேலையில் இருக்கிறார்கள். அவர் தலைக்கு நேர் மேலே மாடத்தில் ஒருவன் இறைச்சி வெட்டுகிறான். வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள், கேட்பவர்கள் குறைவு. வலது ஓரத்தில் ஒரு பூனை மல்லாந்து படுத்து ஜாடியைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூனையை யாரும் எனக்கு முன்பே காட்டியிருக்கவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பாந்தியன் வரிகளை. நான்கு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், ஏதோ தப்பு செய்த மாதிரி. கிட்டத்தட்ட 1,900 வருஷக் கட்டடம். குவிமாடத்தின் அகலமும் தரையிலிருந்து உச்சி வரை உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். அதாவது உள்ளே ஒரு முழுப் பந்து அப்படியே உட்காரும், கணக்கு டீச்சருக்கு இது பிடிக்கும். கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை இதை மிஞ்சியது இல்லை. மேலே போகப் போக எடை குறைய வேண்டும் என்று உச்சிப் பகுதிக்கு நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு வெறும் வானம். மழை வந்தால் நேரே தரைக்குத்தான். பளிங்குத் தரை லேசாக வாட்டம் விட்டிருக்கிறது, தண்ணீர் இறங்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு.

உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் உண்டே. மழை நாளில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு நடுவிலேயே மழை பெய்வதைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பழைய ரோமானியர் வீடுகளிலும் நடுவில் கூரையைத் திறந்துவிட்டு, கீழே மழைநீருக்குத் தொட்டி கட்டியிருந்தார்கள், எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி என்ற இத்தாலிய ஊரில் இன்றும் பார்க்கலாம். அழுகைக்குக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் உங்கள் காலண்டரில் அந்த மழை இல்லை. அடுத்து யாராவது எப்படி இருந்தது என்று கேட்டால் பாந்தியனில் பெய்த மழையைச் சொல்லுங்கள், பொய் சொன்ன மாதிரி இருக்காது.

படிக்காமல் போனது தப்பா என்றால், தப்பில்லை, கொஞ்சம் நஷ்டம். ரோமின் பழைய மன்றத்தில் மூன்று ராட்சத வளைவுகளோடு ஒரு இடிபாடு நிற்கும், மாக்சென்டியஸ் மண்டபம் என்பார்கள். அதற்கு அடியில் முதல் நூற்றாண்டில் கட்டிய மிளகுக் கிடங்கு இருக்கிறது. மிளகு எங்கே காய்த்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அது மட்டும் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் உங்கள் நடை கொஞ்சம் மெதுவாகியிருக்கும்.

இனி வீட்டுக்காரர். பதினோரு நாளில் மூன்று ஊர் என்றால், பெட்டி கட்டியதும் ஸ்டேஷனில் காத்திருந்ததும் போக மிஞ்சியது எத்தனை நாள் என்று அவரையே கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். காசு சேரட்டும், அடுத்த தடவை ரோம் மட்டும் போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருவுக்குத் தெரு இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே ஒரு துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் பல கடைகளில் விலை குறைவு. சான் கிளெமென்தே தேவாலயத்துக்குப் போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில், அதற்குக் கீழே நான்காம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் கீழே ரோமானியக் கட்டடங்கள். கடைசித் தளத்தில் நின்றால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும்.

அப்புறம், பாந்தியனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் சான் லூயிஜி தேவாலயம். போன தடவை அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். உள்ளே இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி ஓவியர் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஆனால் இருட்டு. நான் போனபோது பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிஷத்தில் பட்டென்று அணையும். ஒரு ஓவியத்தில் வரி வசூலிக்கிற மத்தேயுவும் ஆட்களும் மேஜையில் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், வலது பக்கத்திலிருந்து இயேசுவின் கை நீள்கிறது, வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. அதில் யார் மத்தேயு என்பதில் இன்னும் சண்டை. தலையைக்கூட நிமிர்த்தாமல் எண்ணுகிற ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. பையைத் துழாவினேன், நோட்டுதான் இருந்தது. பின்னால் நின்ற ஒரு பாட்டி பர்ஸைத் திறந்து, விரலால் தடவித் தடவி ஒரு காசை எடுத்துப் போட்டார். ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

சில்லறை எடுத்துப் போங்கள்.

அன்புடன்.