படங்களை அடுக்க, திருத்த எந்த மென்பொருள்? கேள்வி பதில்

செந்தூலிலிருந்து: அண்ணே, படம் அடுக்கும் பிக்காசா மென்பொருளில் 40,000 குடும்பப் படங்கள் இருக்கின்றன. புதுக் கணினிக்கு எதைப் போடலாம்? மாதக் கட்டணம் வேண்டாம்.

டிஜிகாம் போடுங்கள் தம்பி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிக்காசாவை கூகுள் 2016-இலேயே நிறுத்திவிட்டது.

ஆனால் பழைய கணினியில் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட்டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு பிக்காசாவின் ஆப்ஷன்ஸில், நேம் டேக்ஸ் பகுதிக்குப் போய், பெயர்களைப் படத்திலேயே சேமிக்கும் தெரிவை டிக் செய்யுங்கள். அடுத்து, திருத்திய படங்களைக் கட்டாயம் 'சேவ்' செய்யுங்கள். பிக்காசா உங்கள் திருத்தத்தைப் படத்தில் எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் குறித்து வைக்கிறது. மற்ற மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. சேவ் செய்யாமல் மாறினால் நீங்கள் வெட்டியது, வெளிச்சம் கூட்டியது எல்லாம் காணாமல் போகும்.

டிஜிகாமிலும் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் விவரங்கள்) பகுதியைத் திறந்து டேக், தலைப்பு, முகப் பெயர் மூன்றையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். நான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பது இதைத்தான்: நாளைக்கு அதை அழித்துவிட்டால் பாட்டியின் பெயர் படத்தோடு இருக்குமா? டிஜிகாமின் டேட்டாபேஸ் கணினியின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும். நெட்வொர்க் டிரைவில் வைத்தால் பழுதாகலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து: கல்யாணப் படங்களை வேறு டிஸ்குக்கு மாற்றினேன். லைட்ரூம் கிளாசிக்கில் ஃபோல்டர் மேல் கேள்விக்குறி. படம் போய்விட்டதா?

போகவில்லை. லைட்ரூமின் கேட்டலாக்கில், அதாவது அதன் பட்டியலில், இருப்பது படமல்ல, அதன் முகவரிதான். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள். இனிமேல் லைட்ரூமுக்குள்ளேயே இழுத்து நகர்த்துங்கள். இன்னொன்று: அது எடுக்கும் பேக்கப் கேட்டலாக்குக்கு மட்டும். படங்களுக்குத் தனி நகல் வேண்டும். சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம்; படம் திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும்தான் பூட்டிக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: சென்னைப் பயணப் படங்களில் கேமரா படமும் கைப்பேசிப் படமும் வரிசை மாறி வருகின்றன.

அக்கா, கேமரா மலேசிய நேரத்திலேயே இருந்திருக்கிறது. கைப்பேசி தானாக இந்திய நேரத்துக்கு மாறிவிட்டது. வித்தியாசம் 2 மணி 30 நிமிடம். டிஜிகாமில் கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, 'அட்ஜஸ்ட் டைம்' கருவியில் அதைக் கழியுங்கள். அதற்கு முன், இரண்டிலும் ஒரே நொடியில் எடுத்த ஒரு காட்சியை ஒப்பிடுங்கள். கேமரா கடிகாரம் சில நிமிடம் பிசகியிருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படங்களில் எடுத்த நேரமே இருக்காது. உறவினர்களை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

செலாயாங்கிலிருந்து: பத்துமலைக் குகைக்குள் எடுத்த தைப்பூசப் படங்கள் புள்ளி புள்ளியாக, மஞ்சளாக இருக்கின்றன.

ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த மூலத் தகவலாக) எடுத்திருந்தால் டார்க்டேபிள் மென்பொருள் போடுங்கள். அதில் புள்ளிகளைக் குறைக்கும் 'டீநாய்ஸ் புரொஃபைல்டு' கருவி உங்கள் கேமரா, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) இரண்டுக்கும் ஏற்ற அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். மேலே திறப்பில் பகல் வெளிச்சம், கீழே விளக்கு என்று இரண்டு நிறம் கலந்திருந்தால், நிறத்தைச் சரிசெய்யும் 'கலர் காலிபரேஷனை' இருமுறை போட்டு, மாஸ்க்கால் ஒவ்வொன்றும் படத்தின் எந்தப் பகுதிக்கு என்று பிரியுங்கள். ஜேபெக் என்றால் மஞ்சளை ஓரளவுக்குத்தான் இறக்க முடியும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: கடையில் 4ஆர் அளவில் (4×6 அங்குலம்) கழுவினால் தலை வெட்டுப்படுகிறதே?

கைப்பேசிப் படம் 4:3, 4ஆர் தாள் 3:2. அனுப்பும் முன் நீங்களே 3:2-க்கு வெட்டி, 1800×1200 பிக்சலுக்குக் குறையாமல், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஜேபெக்காகக் கொடுங்கள்.