வைட்டமின் டி 11, இரண்டு முறை நிமோனியா: வார மாத்திரையைத் தினமும் போடலாமா?

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, ரத்தத்தில் வைட்டமின் டி 11; எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் வர, வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தினமும் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடாதீர்கள். வாரம் ஒன்று என்று எழுதியது அதிக அளவு மாத்திரை. வைட்டமின் டி கொழுப்பில் தங்கும். கூடிப்போனால் வெளியேற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று போய், சிறுநீரகமும் அடிவாங்கும். சீக்கிரம் போட்டால் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் வரும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் 11 நிஜமாகவே குறைவா என்று முதலில் பாருங்கள். ரிப்போர்ட்டில் '25 ஹைட்ராக்சி' என்று இருக்க வேண்டும். '1,25' என்று இருந்தால் அது வேறு சோதனை, இதற்கு உதவாது. அப்புறம் அலகு. நானோகிராம் (ng/mL) என்றால் 20க்குக் கீழே பற்றாக்குறை. நானோமோல் (nmol/L) என்றால் அதை நானோகிராமாக்க 2.5ஆல் வகுக்க வேண்டும். அப்போது உங்களுக்கு 4.4தான், கடுமையான குறைவு. ரத்தம் எடுத்தது காய்ச்சல் நாட்களிலா? அழற்சி இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டலாம்.

நுண்ணுயிரைக் கொல்லும் சில புரதங்களைச் செய்ய வெள்ளணுக்களுக்கு வைட்டமின் டி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா என்றால் பழியை அதன்மேல் மட்டும் போட மாட்டேன். சர்க்கரை, எச்ஐவி, இம்யூனோகுளோபுலின் (ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) பார்த்தார்களா? இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலில் அதே இடம் என்றால் அங்கே ஏதாவது அடைப்பு இருக்கலாம், அதற்கு ஸ்கேன் தேவைப்படும்.

சிறுநீரகக் கல் வந்திருந்தால் அந்த வார மாத்திரைக்கும் முன்னால் கால்சியம் பாருங்கள். மறுபடி காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் மாத்திரைக் கணக்கு பார்க்காமல் நேரே மருத்துவமனை.