கொடுமணல் யாருக்குச் சாட்சி?

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஊர் பெருந்துறைப் பக்கம். வடநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. எங்கள் பையன்கள் கூலி உயர்வு கேட்டால், "இந்தக் காசுக்கு ரெண்டு வடநாட்டுப் பையன் வருவான்" என்கிறார் காண்ட்ராக்டர். ஊரில் வாடகை ஏறிவிட்டது. மளிகைக் கடைப் பலகைகூட இந்தியில் வந்துவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கொடுமணலில் தமிழ் எழுத்து இருந்திருக்கிறது. இது யார் மண் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அசாமில் யார் குடிமக்கள் என்று கணக்கெடுத்ததுபோல இங்கேயும் எடுத்தால் என்ன? வந்தேறிகளுக்கு இனி வீடு விடக்கூடாது என்று எங்கள் ஊரில் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கப் போகிறார்கள். ஆதரிக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

ஆதரிக்காதீர்கள். கூலியைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் கொடுமணலைப் பேசிவிடலாம்.

நொய்யலின் வடகரையில் இருக்கும் அந்த ஊர் பதிற்றுப்பத்தில் வருகிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் கிடைத்தன. எனக்கும் அது பெருமைதான். ஆனால் அந்த ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடக்கின் பழைய மொழியான பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. மணிக்கான பெரில் கல் பக்கத்திலுள்ள படியூரில் கிடைப்பது. சூதுபவளம் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துச் சரக்கு. லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானத்துக் கல். முசிறியிலிருந்து கரூருக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் அது. வெளியாள் வராமல் இருந்திருந்தால் கொடுமணலைப் பற்றிப் பேச நமக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. மேடையில் பேசுகிறவர் தமிழ்ப் பெயருள்ள ஓட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறார். மற்ற ஓடுகளும் அதே மண்ணில் கிடந்தவைதான்.

வரலாற்றில் பாதியை எடுத்துக்கொண்டு ஆள் விரட்டப் போனால் என்ன ஆகும் என்பதை நம் ஆட்களே அனுபவித்திருக்கிறார்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில், சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனைப் போரில் கொல்கிறான். அதே நூல் எல்லாளனை நீதி தவறாத அரசன் என்கிறது. அவன் இறந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்ததையும், பின்னால் வந்த அரசர்களும் அந்த இடத்தை நெருங்கும்போது வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சிங்கள அரசியல் பேசியவர்களுக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை. சிங்களவன் தமிழனை வென்ற பக்கம் மட்டும் போதுமானதாக இருந்தது.

சுதந்திரம் வந்த 1948லேயே இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது. தோட்டத்து லயம் என்ற கூலிக் குடியிருப்பில் பிறந்து தேயிலைக் காட்டில் செத்தவனுக்கு ஏது காகிதம்? திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும், சுமார் ஏழு லட்சம் பேர், நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் டெல்லியும் கொழும்பும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் பலர் நமக்குப் பக்கத்தில், நீலகிரியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். இலங்கையில் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே வந்த பிறகு 'சிலோன்காரன்'. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பம்பாயில் சிவசேனா தொடங்கிய 1966க்குப் பிறகு தமிழர்களின் இட்லிக் கடைகள் அடிவாங்கியபோது சொல்லப்பட்ட காரணமும் உங்கள் கடிதத்தில் உள்ளதுதான்: வேலையைப் பிடுங்குகிறார்கள், எங்கள் மண்.

அசாமைச் சொல்கிறீர்கள். அங்கே 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள்தான் குடிமக்கள் என்று ஒரு கோடு போட்டார்கள். 2019இல் பட்டியல் வந்தபோது 19 லட்சம் பேர் வெளியே நின்றார்கள். கணக்கெடுக்கச் சொன்னவர்களுக்கே அதில் திருப்தி இல்லை. சரி, நாம் எந்த ஆண்டில் கோடு போடுவது? வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர்கள் கோட்டுக்கு எந்தப் பக்கம்? கோவைக்கு மில்லும் மோட்டாரும் கொடுத்த, தெலுங்கு பேசும் குடும்பங்கள்? சோழன் மகளைச் சேரனுக்குக் கட்டிக்கொடுத்தபோது கூடவே வந்த குடிகள் நாங்கள் என்று கொங்கு வேளாளர்களே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தீரன் சின்னமலை திப்புவோடு சேர்ந்து வெள்ளையனை எதிர்த்தவர். ஆடிப்பெருக்கன்று மாலை போடுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி கூலி. காண்ட்ராக்டர் சொன்னது அப்பட்டமான மிரட்டல், உங்கள் கோபம் அவர்மேல் திரும்ப வேண்டியது. வடநாட்டுப் பையன்கள் வருவதற்கு முன் மில்களில் என்ன நடந்தது? தேனி, திண்டுக்கல், சிவகங்கைப் பெண்பிள்ளைகளை 'சுமங்கலித் திட்டம்' என்று அழைத்து வந்து, மூன்று வருடம் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் தமிழ்தான் பேசினார்கள். கூலி குறைந்தது இந்தி மொழியால் இல்லை. ஊரை விட்டு வந்தவருக்கு இங்கே கேட்க நாதி இல்லை, குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார் என்பதுதான் கணக்கு. வெளிமாநிலத்திலிருந்து காண்ட்ராக்டர் மூலம் வருகிறவருக்கும் அதே வேலைக்கு உள்ளூர்க்காரருடைய கூலியே கொடுக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் கொடுக்கவில்லை.

வீடு கொடுக்காமல் விட்டால் அவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்களா? கம்பெனிக்குள்ளேயே தகரக் கொட்டகையில் படுப்பார்கள். காண்ட்ராக்டரின் பிடி இன்னும் இறுகும், கூலி இன்னும் குறையும். 2023 மார்ச்சில், இங்கே பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்து ஊருக்கு ரயிலேறியவர்கள் பலர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. அப்போது அந்தப் பொய்யைப் பொய் என்று நாம்தான் உரக்கச் சொன்னோம். இப்போது உங்கள் ஊர்த் தீர்மானம் அதை உண்மையாக்கிவிடக் கூடாது.

1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்கள் அப்பா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். சங்கங்களும் முதலாளிகளும் போடும் கூலி ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவருக்கும் அதே கூலி, இ.எஸ்.ஐ., பி.எஃப். கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் டேபிளில் நிற்கும் ஒடிசாப் பையனைச் சங்கத்தில் சேருங்கள். ஊர்க் கூட்டத்திலும் இதையே மாற்றுத் தீர்மானமாகக் கொண்டுவர முடியும். தேதி முடிவானதும் எழுதுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் சம்மதித்தால் நானும் வந்து பேசுகிறேன்.