கோயிலுக்குப் போவதும் பக்தியும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

"வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான் பக்திமானா?" என்று போன வாரம் சும்மா ஒரு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. நான் குருவானவர் (பாதிரியார்) இல்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 18 வருடம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) வாத்தியார், 6 வருடம் கமிட்டிச் செயலர், அவ்வளவுதான் தகுதி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நான் நர்ஸ். மாதத்தில் மூன்று ஞாயிறு டியூட்டி வந்துவிடுகிறது. "ஆண்டவருக்கு நேரமில்லையா" என்று அம்மா தினமும் குத்திக் காட்டுகிறார்கள். தப்பா?

தப்பே இல்லை தங்கச்சி. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று வேதத்தில் மத்தேயு 25-இல் இயேசு சொல்வதை அம்மாவிடம் ஒருதடவை வாசித்துக் காட்டு. ஆனால் ஒன்று, கிடைக்கிற அந்த ஒரு ஞாயிறைத் தூங்கிக் கழித்துவிடாதே. பல சபைகளில் முதல் ஞாயிறுதான் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணை, முடிந்தால் அன்றைக்கு டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள். நம் தாத்தா பாட்டி காலத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகம், 1662-இல் வந்தது, வருடத்துக்குக் குறைந்தது மூன்று தடவையாவது நற்கருணை எடுக்க வேண்டும், அதில் ஒன்று ஈஸ்டராக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஞாயிறு என்ற கிழமையிலும் ரொம்பத் தொங்க வேண்டாம், குவைத்தில் இருக்கிற நம் ஆட்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதான் ஆராதனைக்குக் கூடுகிறார்கள்.

கொரோனாவுக்கு அப்புறம் யூடியூபில்தான் ஆராதனை பார்க்கிறேன். பிரசங்கம் கோயிலில் கேட்பதைவிட நன்றாகவே இருக்கிறது. இது போதாதா?

பிரசங்கம் நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். பிடிக்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குத் தாவலாம், கோயிலில் அந்த வசதி கிடையாது! ஆனால் கூடிவருவதை விட்டுவிடாதிருங்கள் என்கிற எபிரெயர் 10:25-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், அதற்கு முந்தின வசனத்தை யாரும் சொல்வதில்லை. அதில் "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. கூடுவதே அதற்குத்தான். மூன்று வாரமாக அந்தப் பாட்டியைக் காணோமே என்று கவனிப்பது, புருஷனை இழந்து முதல்தடவையாகக் கோயிலுக்கு வருகிறவள் பக்கத்தில் போய் உட்காருவது, இதெல்லாம் போனில் நடக்காது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு யூடியூப் பெரிய ஆசீர்வாதம். நடக்க முடிகிறவர் நீங்கள், எழுந்து போங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போனால் மதியம்தான் வருவேன். பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம், கமிட்டி, எல்லாவற்றிலும் இருக்கிறேன். ஆனால் வீட்டில் வேதத்தைத் திறந்து மாதக்கணக்காகிறது. உள்ளே காலியாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது.

தம்பி, இது என் கதை. செயலராக இருந்தபோது முதல் மணி அடிப்பதற்கு முன்பே நான் கோயிலில் இருப்பேன். மைக் செட் கரகரக்கிறதா, காணிக்கைப் பை எடுக்க ஆள் வந்தாச்சா, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி எத்தனை மூட்டை, மனசு முழுக்க இதுதான். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும், உடம்பு சரியில்லாமல் வீட்டிலிருந்த மனைவி "இன்றைக்கு என்ன வசனம்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தவன்!

உழைப்பு கண்ணுக்குத் தெரியும், நாலு பேர் பாராட்டுவார்கள். பக்தி யாருக்கும் தெரியாது, அதனால் அது நின்றுபோனாலும் யாரும் கேட்க மாட்டார்கள், நமக்கே ரொம்பநாள் கழித்துத்தான் உறைக்கும். தன் வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக மார்த்தாள் செய்த சமையலை அவர் குறை சொல்லவில்லை, அவள் கலங்கித் தவித்ததைத்தான் சொன்னார். லூக்கா 4:16-இல் இயேசு வழக்கப்படி ஜெப ஆலயத்துக்குப் போகிறார், அடுத்த அதிகாரத்திலேயே, 5:16-இல், ஜனங்களை விட்டுத் தனியாக வனாந்தரத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அவருக்கே இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது, மூன்று பொறுப்பில் இரண்டை ஒரு வருடத்துக்கு விட்டுவிடு. குருவானவரிடம் நேராகச் சொல், சங்கடப்படாதே, நீ இல்லாமலும் சபை நடக்கும். (இது எனக்குப் புரிய 6 வருடம் ஆனது.) கோயிலுக்குப் போவதை மட்டும் விடாதே. சும்மா பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கிறவனாக ஒரு வருடம் போய்வா, வீட்டில் காலையில் பத்து நிமிஷம் ஒரு சங்கீதம் வாசி.

என் கணவர் வாரத்தில் நாலு நாள் ஜெபக்கூட்டம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம், கன்வென்ஷன் என்று போய்விடுவார். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. கேட்டால் "சாத்தான் உன்னை வைத்துத் தடுக்கிறான்" என்கிறார்.

அக்கா, உங்களைச் சாத்தான் என்று சொல்ல அவருக்கு எந்த வசனமும் இடம் கொடுக்காது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைத்தான் இயேசு அங்கே கிழிக்கிறார். இவர் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொர்பான் ஆக்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெபம் தப்பில்லை, சொந்த அம்மாவின் மாத்திரைச் சீட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஊருக்காக விடிய விடிய ஜெபிப்பதுதான் தப்பு. நீங்கள் சொல்லிக் கேட்கவில்லையென்றால், அவர் மதிக்கிற ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். சனி மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டால் ஞாயிறு கடன் தீருமா?

தீரும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் விலக்கும் உண்டு.

கமிட்டித் தேர்தல் சண்டையில் சொந்த அண்ணனோடு பேச்சு நின்றுபோனது. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கோயிலுக்கே போவதில்லை. வீட்டில் ஜெபிக்கிறேன்.

வீட்டில் ஜெபிக்கும்போது அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லையா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. உடனே முடியாதென்றால் கொஞ்சநாள் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போங்கள், ஆனால் கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பிரசங்கம் ஆரம்பித்தாலே தூக்கம் வருகிறது அண்ணாச்சி. எனக்குப் பக்தி இல்லையோ?

சனிக்கிழமை எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுலே பிரசங்கம் பண்ணும்போது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்திருக்கிறான், வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20-இல் பாருங்கள். அவனை உயிரோடு எழுப்பிவிட்டு, அதற்கப்புறமும் பவுல் விடியும்வரை பேசியிருக்கிறார். ஜன்னலோரம் மட்டும் உட்காராதீர்கள்.